நான் குவைத் போனது, பூந்தமல்லி வரைக்கும்

வெளிநாட்டில் வேலை பார்த்த நர்ஸ் என்றால் ஊரில் தனி மரியாதை உண்டு. மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் பல வருடம் குப்பை கொட்டியதால் எனக்கும் அந்த மரியாதை கிடைக்கிறது. கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பெண்கள், "முதல் தடவை வெளிநாடு போனப்ப ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாக்கா?" என்று கேட்பார்கள். பட்டேன். அழுதேன், இளைத்தேன், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த அந்நிய வானத்தைப் பார்த்து அம்மாவை நினைத்து ஏங்கினேன். ஒன்றை மட்டும் சொல்வதில்லை. (நான் சொல்லாவிட்டால் என்ன, என் தங்கை எங்கிருந்தாலும் ஓடிவந்து சொல்லிவிடுவாள்.) அந்த முதல் வெளிநாடு பூந்தமல்லி.

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் ஏறினால், வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலம் தீர்வதற்குள் வந்துவிடும் ஊர் அது.

1990-ஆம் வருடம். நான் அம்பத்தூரில் ஒரு நர்ஸிங் ஹோமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கூடவே எஸ்தர். ஒன்றாகப் படித்தோம், ஒன்றாகத் திட்டு வாங்கினோம், கடைசியில் குவைத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் ஒன்றாக வேலையும் கிடைத்தது. எஸ்தருக்கு அப்பா கிடையாது. அவளுடைய அம்மா அம்பத்தூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைத்து அவளைப் படிக்க வைத்தவர். எஸ்தர் கரப்பான்பூச்சிக்கு, இடிக்கு, ஹெட் நர்ஸுக்கு, எல்லாவற்றுக்கும் பயப்படுவாள். எனக்கு தைரியசாலி என்று ஒரு பெயர் இருந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பெயரை நம்பித்தான் எஸ்தரின் அம்மா சம்மதித்தார். எங்கள் வீட்டுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தோ பாரு வசந்தி, நீ கூட கீறேன்னுதான் அனுப்புறேன். தனியா இருந்துக்காது என் பொண்ணு. நீ உட்டுட்டு எங்கியும் போயிடக் கூடாது, சொல்லிட்டேன்."

"நான் இருக்கேன்ல ஆன்ட்டி, நீங்க கவலையே படாதீங்க" என்றேன். அதைச் சொன்ன தோரணையை நினைத்தால் இப்போதும் என்னையே ஓர் அறை அறையலாம் போலிருக்கிறது.

விசா வந்தது, டிக்கெட்டும் வந்தது. பயணத் தேதி ஆடி மாதத்தில் விழுந்தது. என் அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் டர்னர். மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடையும் மனிதர், வீட்டுக்கு வந்தால் பஞ்சாங்கத்துக்கு முன்னால் கைகட்டி நிற்பார். ஆடியில் பெண்ணைக் கடல் தாண்டி அனுப்புவதாவது. ஆனால் விமானக் கம்பெனிக்காரன் ஆவணிக்கு மாற்றித் தர மாட்டானே. யோசித்து யோசித்து அப்பா பரஸ்தானத்தில் வந்து நின்றார்.

பரஸ்தானம் தெரியாதவர்களுக்கு: பயணம் கெட்ட நாளில் வந்தால், முன்னதாக ஒரு நல்ல நாளில் பயணப் பொருள் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அன்றைக்கே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு போகிற வழியில் அந்த வீட்டுக்குள் போய்ப் பொருளை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். சாமியை ஏமாற்றும் வேலைதான், ஆனால் பெரியவர்கள் அனுமதித்தது. பொதுவாக ஒரு வேட்டியோ புடவையோ வைப்பார்கள். அப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"புடவையா குவைத் போகுது? எது இல்லாம போக முடியாதோ அதுதான் முதல்ல கிளம்பணும்" என்றார்.

ஆக, ஆனி மாதக் கடைசியில் என் பாஸ்போர்ட் எனக்கு முன்னால் பயணம் கிளம்பியது.

எங்கே வைப்பது என்பது அடுத்த பஞ்சாயத்து. போகிற திசையில் வைக்க வேண்டுமாம். குவைத் மேற்கே இருக்கிறது, மீனம்பாக்கம் தெற்கே இருக்கிறது. பூந்தமல்லி தென்மேற்கே, ரெண்டுக்கும் பொது என்று தீர்ப்பானது. அங்கே கரீம் பாய் இருந்தார். அப்பாவுடன் பக்கத்து மெஷினில் வேலை பார்ப்பவர், எனக்குப் பாய் மாமா. இந்துக்களின் சாங்கியத்துக்குத் தன் வீட்டைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்கு நெஞ்சு விம்மிவிட்டது. பாஸ்போர்ட்டைப் பட்டுக் கைக்குட்டையில் சுற்றி பீரோவில் வைத்தார். அப்பா சட்டதிட்டங்களைச் சொன்னார்: "நீங்களா எடுத்துக் குடுத்துடாதீங்க பாய். திருப்பி அனுப்புன மாதிரி ஆயிடும். வண்டி உங்க வாசல்ல நிக்கும், பொண்ணு உள்ள வந்து எடுத்துக்கும். கிளம்புற நேரத்துல யாரும் எதுவும் கேக்கவும் கூடாது. சகுனத் தடை."

"நீ சொல்ட்டல்ல அண்ணாத்தே, உயிரே போனாலும் கேக்க மாட்டேன்" என்றார் பாய் மாமா. அந்த வாக்கை அவர் காப்பாற்றினார் என்பதுதான் இந்தக் கதையின் சோகம்.

பயண நாள் வந்தது. குவார்ட்டர்ஸே ஒரு வேனில் ஏறியது. எதிர்வீட்டுக் கமலா அக்கா மூன்று பிள்ளைகளோடும் ஒரு கூடை எலுமிச்சம் சாதத்தோடும் ஏறினார். எனக்கு மாலை போட்டிருந்தார்கள். வேன் கிளம்பவே நேரமாகிவிட்டது. அதனால் பூந்தமல்லியில் நாங்கள் சந்துக்குள் நுழைந்து கஷ்டப்பட வேண்டாமென்று பாய் மாமாவும் மாமியும் மெயின் ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார்கள். புதுச் சட்டை, அத்தர் வாசனை. ஏறிக்கொண்டார்கள். வேன் காட்டுப்பாக்கம் தாண்டியது, போரூர் தாண்டியது. நான் அழுதுகொண்டிருந்தேன், அம்மா அழுதுகொண்டிருந்தார், அப்பா நல்ல நேரம் முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் மாமா என்னையே பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

விமான நிலைய வாசலில் எஸ்தரும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். எஸ்தர் முன்னால் உள்ளே போனாள். நான் எல்லோர் காலிலும் விழுந்து எழுந்து, உள்ளே வர அனுமதிச் சீட்டு வாங்கியிருந்த அப்பாவோடு நுழைந்தேன். நாங்கள் உள்ளே போனதைப் பார்த்துவிட்டு, எஸ்தரின் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வேன் திரும்பிவிட்டது, வாடகை வண்டி காத்திருக்காதே. கவுண்டரில் இருந்த பெண் கையை நீட்டினாள்.

"அப்பா, பாஸ்போர்ட்" என்றேன்.

"நீதானே எடுத்திருப்ப" என்றார் அப்பா. சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைப் பார்த்தேன். ஒரு நர்ஸாக அதைக் கவனித்தேன். ஒரு மகளாக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா ஆட்டோ பிடித்துப் பறந்தார். அவர் பூந்தமல்லி போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. சாவி பாய் மாமாவின் இடுப்பில், பாய் மாமா வேனில், வேன் போரூரில் டீ குடித்துக்கொண்டிருந்தது. நான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எஸ்தர் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், வா வா என்று கையை ஆட்டினாள். நானும் பதிலுக்கு ஆட்டினேன். வருகிறேன் என்று ஆட்டினேனா, போய்வா என்று ஆட்டினேனா தெரியவில்லை. பிறகு அவளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"ஏன் பாய் கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்று அன்று சாயந்திரம் அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

பாய் மாமா அழுதேவிட்டார். "கேக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே. எங்க சாங்கியம்னா தைரியமா மீறுவேன். உங்க சாங்கியத்த நான் எப்டி மீறுவேன்?"

வேலை வாங்கித் தந்த ஏஜென்ட் கத்திவிட்டு, அடுத்த வாரம் இன்னொரு விமானத்தில் அனுப்புவதாகச் சொன்னார். ஒரே வாரம். அதற்குப் போய் மாலை மரியாதையோடு கிளம்பிய குவார்ட்டர்ஸுக்கே திரும்பி, எலுமிச்சம் சாதம் கட்டிவந்த கமலா அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? பாய் மாமா வீட்டிலேயே சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போய்விடலாம் என்று முடிவானது. மாமி தன் புர்கா ஒன்றைக் கொடுத்தார். மொட்டை மாடிக்குப் போகக்கூட அதுதான்.

அந்த வாரமே ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது.

ரேடியோவில் செய்தி கேட்டபோது நான் மாமிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முதலில் எனக்குத் தோன்றியது, தப்பித்தேன். அடுத்த நொடி எஸ்தரின் கை கண்ணாடிக்குப் பின்னால் ஆடியது. வெங்காயத்தை வைத்துவிட்டு, வேறு செய்தி வருகிறதா என்று ரேடியோவைத் திருகினேன். போனும் கிடையாது, தந்தியும் கிடையாது. இடிக்குப் பயப்படுகிறவள் பீரங்கிகளுக்கு நடுவில் இருந்தாள்.

நான் போகவேயில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்பா சொல்லத்தான் போனாராம். ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தால் எங்கள் வாசலில் கூட்டம். கமலா அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி. பின் வரிசை வீட்டிலிருந்து வந்தவர் ஒருவர், தொழிற்சாலை மேலதிகாரியைப் பார்த்து டெல்லிக்குப் பேசச் சொல்வதாக அப்பாவின் தோளைத் தட்டினார். "எல்லாரும் அழுது முடிச்சிட்டாங்கம்மா. இப்ப போய் எப்படிச் சொல்றது?" என்று அப்பா என்னிடம் வந்து கேட்டார். தினமும் சைக்கிளில் வந்து, எனக்காக ஊரில் நடக்கும் துக்கத்தை எனக்கே ஒப்பித்துவிட்டுப் போவார். ஆடி வெள்ளியில் அம்மன் கோயிலில் என் பெயர் சொல்லிக் கூழ் ஊற்றினார்கள். நான் உயிரோடு திரும்பி வருவதற்காக ஊற்றிய கூழைத் தூக்குவாளியில் எனக்கே கொண்டுவந்தார். மோர் மிளகாயோடு குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. குடித்து முடித்ததும் வாந்தி எடுத்தேன்.

ஒருநாள் அப்பா எதுவும் சொல்லாமல் திண்டாடினார். குடைந்து கேட்டதும் வந்தது. எஸ்தரின் அம்மா தினமும் அம்பத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறாராம். வந்து என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாராம்.

"என்ன சொல்றாங்க?"

"'ரெண்டும் ஒண்ணாதானே கீதுங்க. வசந்தி தைரியசாலி, அது பாத்துக்கும்'னு சொல்றாங்க. அதச் சொல்லிட்டுதான் ஒரு வாய் காபியே குடிக்கிறாங்க." அப்பா தரையைப் பார்த்தார். "உங்கம்மா முதல்ல நடிச்சா. இப்ப நெஜமாவே அழறா."

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னால் அந்த அம்மா பிடித்திருக்கும் ஒரே கொம்பையும் ஒடித்தவளாவேன். சொல்லாவிட்டால் அவர் இல்லாத கொம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே இருப்பார். மாமி என் தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், தட்டை எடுத்துக்கொண்டு போவார். அந்த வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதில் பாய் மாமா குடும்பத்துக்கு நல்ல பழக்கம்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் மாமாவும் மாமியும் கறி வாங்கப் போயிருந்தார்கள். கதவு தட்டும் சத்தம். பால்காரர் என்று நினைத்து முகத்தையும் மூடிக்கொண்டு திறந்தேன். எஸ்தரின் அம்மா நின்றிருந்தார். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு, பாதியாக இளைத்திருந்தார்.

"பாய் கீறாரா? அவரு தம்பி துபாய்ல கீறாராமே. குவைத் சேதி எதுனா தெரியுமான்னு கேக்கலாம்னு வந்தேன்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்து, மேல் உதட்டில் வியர்வை பூத்திருந்தது. சர்ச்சில் உபவாச ஜெபம், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று முணுமுணுத்தார். அடுத்த நிமிடம் ஒரு பக்கமாகச் சரிந்தார்.

பிறகு நடந்ததில் என் மூளைக்குப் பங்கில்லை. முகத்திரையைத் தூக்கிப் போட்டேன். அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்து, நாடியைப் பிடித்தேன். "ஆன்ட்டி, இங்க பாருங்க, கண்ணத் திறங்க, என்னப் பாருங்க" என்று வார்டே அதிரும் நர்ஸ் குரலில் கத்தினேன். அத்தனை நாளாகக் கிசுகிசுத்துக் கிசுகிசுத்து எனக்கே மறந்துபோயிருந்த குரல்.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் மெல்ல வந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் கையை இறுக்கிக்கொண்டு, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"வந்துட்டீங்களாம்மா? எஸ்தர் எங்க?"

சொன்னேன். ஆடி மாதம், பரஸ்தானம், பட்டுக் கைக்குட்டை எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று என் காதிலேயே விழுந்தது. திட்டுவார், அறைவார் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ அது அங்க தனியாவா கீது?" என்று மட்டும் கேட்டார்.

நான் உப்பு சர்க்கரை கலந்து கொடுத்த தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். எழுந்து புடவையை உதறிக் கட்டிக்கொண்டார். "வா" என்றார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். புர்காவோடு, முகத்தைத் திறந்துபோட்டு, அழுதுகொண்டே நான் அவர் பின்னால் ஓடினேன். அம்பத்தூரில் அவருடைய ஒற்றை அறை வீட்டில் எஸ்தரின் பாயைக் காட்டி, "அது வர்ற வரைக்கும் நீ இங்கதான் இருக்கணும்" என்றார். தண்டனையா, துணைக்கா என்று சொல்லவில்லை. இரண்டும்தான் என்று எனக்குப் புரிந்தது.

குவார்ட்டர்ஸுக்கு விஷயம் தெரிந்தது. சிலர் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினார்கள். கமலா அக்கா அம்பத்தூருக்கே வந்து என்னை மேலும் கீழும் பார்த்து, "ஊத்துன கூழுக்குப் பலன் இருக்குன்னு சந்தோஷப்படுறதா, குடிச்ச கூழத் திருப்பிக் குடுன்னு கேக்குறதா?" என்றார். அங்கே இருந்த நாட்களில் நானும் எஸ்தரின் அம்மாவும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கேன்டீனுக்கு அவர் கிளம்பும்போது நானும் கூடப் போய்க் காய் நறுக்கினேன். சாயந்திரம் ரேடியோ கேட்டோம். அவர் ஜெபம் செய்வார். எனக்கு ஜெபம் தெரியாது, சும்மா பக்கத்தில் முட்டி போட்டிருப்பேன்.

குவைத்தில் மாட்டிக்கொண்டவர்களை ஜோர்டான் வழியாகப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார்கள். அப்படித்தான் எஸ்தரும் வந்தாள். சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கியபோது அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது, அவ்வளவுதான். கறுத்து, குச்சியாகியிருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் எனக்குத் தெரிந்த எஸ்தர் இல்லை.

"உனுக்கு சீட் புடிச்சி வெச்சிருந்தேன்டி" என்றாள். "ப்ளேன் கெளம்புற வரைக்கும் யாரையும் உக்கார உடல. அடுத்த ப்ளேன்ல வர்ற வழியில நீ செத்துப் பூட்டியோன்னு நெனச்சி அங்க உனுக்காக அழுதுகினு கெடந்தேன்."

அங்கே பாதிப் பேர் ஓடிப்போன வார்டில், வந்திறங்கிய புதுப்பெண்ணாக அவள் பட்டதை மெல்ல மெல்லத்தான் சொன்னாள். சிலவற்றை இன்னும் சொல்லவில்லை. ஆனால் முதலில் சொன்னது இது: டூட்டி பலகையில் என் பெயரும் எழுதியிருந்ததாம். வராத என் வேலையையும் சேர்த்து அவள்தான் பார்த்தாளாம். பயந்து ஓட நேரமே இல்லாததால் பயம் போய்விட்டது என்றாள்.

சில வருடம் கழித்து மஸ்கட்டுக்கு இருவருமே போனோம். அதுவும் ஒரே விமானத்தில், ஆனால் ஆவணியில். எங்கள் இருவர் பாஸ்போர்ட்டையும் எஸ்தரின் அம்மா தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்து விமான நிலைய வாசலில்தான் எடுத்துக் கொடுத்தார். மஸ்கட்டில் இருந்த அத்தனை வருடமும், யாருக்கும் பிடிக்காத டூட்டி எஸ்தர் தலையில் விழுந்தால் நேராக என்னிடம் வருவாள். "குவைத்துல உன் டூட்டிய நான் பாத்தேன்ல? அது இன்னும் கழியல" என்பாள். பண்டிகை நாளாக இருந்தாலும் நான் வாயைத் திறக்காமல் போய்ப் பார்ப்பேன். மற்ற நாட்டு நர்ஸ்களுக்கு என்ன விவகாரம் என்றே புரியாது.

அப்பாவும் பாய் மாமாவும் காலமாகிவிட்டார்கள். சாகும்வரை அப்பா, தன் பரஸ்தானம்தான் பெண்ணைக் காப்பாற்றியது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எஸ்தர் வீட்டார் முன்னால் மட்டும் சொல்ல மாட்டார். இப்போதும் நான் காய்கறி வாங்கப் பையை எடுத்தால் போதும், தங்கை உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா? இல்ல, பாய் வீட்ல இருக்கா?" வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

எஸ்தரும் அவள் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் நாளில் அந்த அம்மா மட்டும் சிரிப்பதில்லை. கண் மங்கிவிட்டது, காது பாதிதான் கேட்கிறது. ஆனாலும் யாரோ எங்கோ கிளம்புகிறார்கள் என்பது எப்படியோ தெரிந்துவிடும். கட்டிலில் இருந்தபடியே தலையைத் தூக்கி, "கூட யாரு போறா?" என்று கேட்பார். நான் பையை எடுத்துக்கொண்டு, எஸ்தரும் செருப்பை மாட்டிக்கொண்டு வரும்வரை வாசலிலேயே நிற்பேன்.